விடியும் முன்பே எடுக்கும் விழா

பூமியின் வடபாதியில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் ஆண்டின் மிக நீண்ட இரவு வருகிறது. மறுநாள் முதல் பகல் வளரும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் முதல் நாளின் வளர்ச்சி சில நொடிகளே என்பதால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது, குளிரும் பெரும்பாலான இடங்களில் அதன் பிறகுதான் கடுமையாகிறது. வெளிச்சம் தெரிவதற்கு முன்பே, அது திரும்பும் என்ற கணக்கை நம்பி மனிதர்கள் விழா எடுத்தார்கள் என்பதே இந்த மரபுகளில் என்னை நெகிழச் செய்கிறது.

அக்கணக்கின் பழமைக்கு அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேடு சான்று. ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுப்பப்பட்ட அதன் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு உள்ளது. கதிர்த்திருப்பத்தை, அதாவது அந்த மிக நீண்ட இரவு வரும் நாளை, ஒட்டிய சில நாட்களில் மட்டும் உதயக் கதிர் அதன் வழியே நுழைந்து, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையைத் தொட்டு, சுமார் 17 நிமிடங்களில் விலகிவிடுகிறது. தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று அந்த இருளில் காத்திருந்து அதைக் கண்டார்.

இதே மிக நீண்ட இரவைக் கொண்டாடும் ஈரானின் யல்தா இரவு எனக்கு மிகவும் நெருக்கமானது. ‘யல்தா’ என்ற சிரியாக் சொல்லுக்குப் பிறப்பு என்று பொருள். குடும்பத்தார் மூத்தவர் வீட்டில் கூடி, மாதுளையையும் தர்பூசணியையும் கொட்டைப் பருப்புகளையும் நடுவே வைத்து, நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறார்கள். ஒருவர் மனத்தில் ஒன்றை நினைத்துக்கொள்ள, பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பு திறக்கப்படுகிறது. கண்ணில் படும் கஜல் பாடலே அவருக்கான மறுமொழி. கோடையின் பழத்தைக் குளிரின் நடு இரவில் பகிர்ந்துண்பதை நான் வெறும் உணவுப் பழக்கமாகக் கருதவில்லை; போன வெயிலை நினைவில் வைத்திருப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கொரியாவில் அன்று சிவப்புப் பயற்றுக் கஞ்சி காய்ச்சுவார்கள். தீய ஆவிகளை விரட்ட அதைக் கதவுகளில் தெளிப்பதும் முன்பு வழக்கமாக இருந்தது. ஜப்பானியர் யூசு என்னும் எலுமிச்சை இனப் பழங்களை மிதக்கவிட்ட வெந்நீரில் குளிக்கிறார்கள்.

சுவீடனில் புனித லூசியாவின் விழா மட்டும் டிசம்பர் 13இல் நிற்கிறது. ஐரோப்பாவின் பழைய ஜூலியன் நாட்காட்டியின் பிசகால் இடைக்காலத்தில் மிக நீண்ட இரவு அந்நாளை ஒட்டியே விழுந்தது. 1753இல் சுவீடன் நாட்காட்டியை மாற்றியபோது தேதிகள் நகர்ந்தன, தலையில் மெழுகுவர்த்தி முடி சூடி வரும் லூசியா தன் நாளிலேயே நின்றுவிட்டாள்.

தென்பாதியில் நடுக்குளிர் ஜூனில் வருகிறது. அண்டார்க்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழுவினர் 1911 ஜூன் 22 அன்று கேப் எவன்ஸ் குடிலில் விருந்துண்டார்கள். மரமே இல்லாத அந்நிலத்தில் குழுவைச் சேர்ந்த பவர்ஸ் மூங்கில் குச்சிகளாலும் இறகுகளாலும் ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்து நிறுத்தினார். இன்றும் அங்குள்ள ஆய்வு நிலையங்கள் அந்நாளில் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பி, விருந்து சமைத்து, சேர்ந்து உண்கின்றன. தென் துருவத்தில் அந்த விருந்தை முடித்து எழுபவர்கள் சூரியனைக் காண இன்னும் மூன்று மாதங்கள், செப்டம்பர் வரை, காத்திருக்க வேண்டும்.