ரெஸ்க்யூ பென் டிரைவ்: பூட் ஆனதும் வேலை முடிந்துவிடாது

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே சொருகும் பென் டிரைவ் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக்கொண்டிருந்தது. விண்டோஸ் ஓடும்போதே ஸ்கேன் செய்தால், நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் வைரஸ் அழித்ததைத் திரும்ப எழுதிவிடும். அதனால் விண்டோஸைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பி (பூட் செய்து) ஸ்கேன் செய்யும், லினக்ஸில் ஓடும் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க்கை எடுத்தோம்.

8 ஜிபி பென் டிரைவ் தாராளம். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்க்யூ டிஸ்க்கின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் எழுத வேண்டும். ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. எழுதும் முறை ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று ரூஃபஸ் கேட்டால், ஒன்றில் பூட் ஆகாதபோது மற்றதில் எழுதிப் பார்க்கலாம். டிடியில் எழுதிய டிரைவை விண்டோஸில் சொருகினால் ஃபார்மேட் செய்யச் சொல்லும். செய்துவிடாதீர்கள்.

எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அங்கீகாரம் இல்லாததை பூட் ஆக விடாத செக்யூர் பூட் தடுத்தால், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸில்) அதை அணைக்கலாம். ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கும் லேப்டாப்பில் அணைத்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். கீயைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். பூட் ஆகி, திரை கறுப்பாகவே நின்றால் மெனுவில் கிராஃபிக்ஸைக் குறைத்த மோடைத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம்தான். ஸ்கேன் ஓடும், வைரஸ் பெயரும் வரும், ஆனால் "அழிக்க முடியவில்லை" என்று நிற்கும். காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது விண்டோஸின் மையப்பகுதியான கர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் இருக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத மறுத்து, படிக்க மட்டும் திறக்கும். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுங்கள். இல்லையென்றால் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து நேராக பூட் மெனுவுக்குப் போனாலும் சரிதான். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் டிக்கை எடுத்ததும் அதே ஸ்கேன் ஒழுங்காக அழித்தது.

ஹார்ட் டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் முறை இன்டெல் ரெய்டு அல்லது விஎம்டி மோடில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸைத் தயார் செய்யாமல் ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் நீலத்திரைதான் வரும். சேஃப் மோடில் வருமாறு அமைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

வைரஸ் டேட்டாபேஸ் அப்டேட்டுக்கு வைஃபையை நம்பாதீர்கள், அதற்கான டிரைவர் இல்லாமல் போகலாம். லேன் கேபிள் போடுங்கள், அல்லது ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியே கொடுப்பது). ஏற்காட்டில் கோடை மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வரும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் ஸ்கேனைத் தொடங்கவே கூடாது. பெரிய டிஸ்க் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் அணைந்தால் முதலிலிருந்துதான்.

சிஸ்டம் ஃபைலில் வைரஸ் என்று வந்தால் டெலீட் வேண்டாம், வைரஸை மட்டும் நீக்கும் டிஸ்இன்ஃபெக்ட் கொடுங்கள். தேவையான ஃபைல் போய்விட்டால் விண்டோஸ் எழாது.

கம்ப்யூட்டர் சுத்தமானாலும், ஷார்ட்கட்டாக மாறிய பென் டிரைவில் புழு (தானே பரவும் வைரஸ்) இருக்கும். ரெஸ்க்யூ டிஸ்க்கின் ஃபைல் மேனேஜரில் திறந்தால், ஷார்ட்கட்டுக்குப் பக்கத்தில் பெயரே இல்லாததுபோல் ஒரு ஃபோல்டர் தெரியும். இடைவெளி எழுத்து ஒன்றுதான் அதன் பெயர். வாடிக்கையாளரின் அசல் ஃபைல்கள் அதற்குள் பத்திரமாக இருக்கும். அவற்றை வெளியே எடுத்து, ஷார்ட்கட்டையும் கூடவே கிடக்கும் ஸ்கிரிப்ட்டையும் அழித்த பிறகே கடையின் மற்ற கம்ப்யூட்டர்களில் சொருகலாம்.