காஞ்சு போன மரப்படகை ரேஸ்ல இறக்கின கதை

போட்டிக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது சித்தப்பா, "இனிமே என்னால முடியாதும்மா, நீயே வச்சுக்கோ"ன்னு படகைக் குடுத்துட்டார். பதினாறு அடிப் படகு, பலகையும் பலகையும் விளிம்போட விளிம்பு முட்டுற மாதிரி கட்டினது, அதாவது கார்வெல். ஒத்தைப் பாய்மரம், காஃப் பாய், அதாவது மேல் விளிம்பை ஒரு கட்டையில கட்டின நாலு மூலைப் பாய். நாலு வருஷமா ஷெட்ல கவுத்துப் போட்டே கிடந்திருக்கு. வருஷா வருஷம் நடக்குற கிளாசிக் மரப்படகு ரேஸ்ல இதை எப்படியாவது ஓட்டிடணும்னு எனக்கும் தம்பிக்கும் ஒரே வெறி. அதை எப்படிக் கொண்டு போய்ச் சேர்த்தோம்னு எழுதறேன், இதே மாதிரி படகு வச்சிருக்கவங்களுக்கு உதவும்.

பேப்பர் வேலை பெருசா இல்ல. ஃபார்ம், இன்சூரன்ஸ், என்ன டிசைன், எந்த வருஷம் கட்டினது, பழைய போட்டோ ரெண்டு, அவ்ளோதான். ஒரே சாயந்திரத்துல முடிஞ்சுது.

நிஜமான வேலை பலகை இடுக்குல தான் இருந்துச்சு. படகுக்குள்ள குனிஞ்சு பாத்தா வெளிச்சம் கோடு கோடா தெரியுது. நடுவுல ஒரு தடவை சித்தப்பா ரிப்பேருக்குக் குடுத்திருக்கார், செஞ்சவர் நல்லா காஞ்சிருந்த நேரத்துல பாதி இடுக்குல எபாக்சியை, அதாவது இறுகினா கெட்டியாகிடுற பசையை ஊத்தி கல்லு மாதிரி அடைச்சு வச்சிருக்கார். எனக்கு இன்னும் அதுல கோவம் தான். மரம் தண்ணியில ஊறினா நீளவாக்குல ஒண்ணும் பெருசா மாறாது, குறுக்குவாட்டுல தான் உப்பும், அப்படி உப்புறப்போ இடுக்குல மெத்துனு ஏதாவது இருந்தா அது நசுங்கிக் குடுக்கும், கல்லு மாதிரி இருந்தா பலகை எங்க போகும், உள்ள இருக்குற வங்கைத் தான் தள்ளும் (வங்குன்னா பலகையை உள்பக்கம் தாங்குற வளைஞ்ச சட்டம், படகோட விலா எலும்பு மாதிரி). இடது பக்கம் மூணு வங்கு விரிஞ்சு போயிருந்தது அதனால தான்.

அந்த மூணுக்கும் பக்கத்துலயே புது வங்கு வளைச்சு வச்சோம். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவியில வைக்கணும்னு கணக்கு, எங்களது முக்கால் இன்ச், அதனால முக்கால் மணி நேரம். பெட்டியில இருந்து எடுத்தா வளைக்கறதுக்கு அரை நிமிஷம் கூட கிடைக்காது, மொதல் கட்டை எங்க கையிலயே விறைச்சு ஒடைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ஆளாளுக்கு எங்க நிக்கணும் எதைப் பிடிக்கணும்னு ரெண்டு தடவை ஒத்திகை பாத்துட்டு தான் பெட்டியத் திறந்தோம். ஆணி விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தாமிரம் இல்லன்னா வெண்கலம் தான். ஸ்டெயின்லெஸ் பளபளன்னு இருக்கும், ஆனா காத்துப் போகாத ஈர மரத்துக்குள்ள வெளிய தெரியாமலே அரிச்சுடும்.

எபாக்சியை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு கலப்பத்து அடிக்க, அதாவது தண்ணி புகாம இடுக்குல திரியை அடைக்க ஆரம்பிச்சோம். வாழ்நாள் பூரா படகு கட்டின பெரியவர் ஒருத்தர் வந்து கத்துக்குடுத்தார். இடுக்குல மொதல்ல ப்ரைமர், அப்புறம் பருத்தித் திரியைச் சின்னச் சின்ன வளையமா வச்சு உளியால இறக்கணும், அது மேல மறுபடி பெயிண்ட், கடைசில புட்டி. நான் இடுக்கையே உத்து உத்துப் பாத்துட்டு அடிச்சிட்டு இருந்தேன். "கண்ண விடு பாப்பா, காதுல கேளு"ன்னார். நிஜம் தாங்க, திரி லூசா இருக்குற வரைக்கும் சத்தம் தொப்பு தொப்புன்னு வரும், சரியா இறுகின அடி டங்குன்னு விழும், உளியைப் பிடிச்ச கையிலயே அந்த வித்தியாசம் ஏறும். அதுக்கு மேல ஒரு அடி கூட அடிக்கக் கூடாது, ஊறினப்புறம் உப்பறதுக்கு இடம் வேணும். புட்டியையும் பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்தச் சொன்னார், ஊறும்போது அதுவா பிதுங்கி மட்டத்துக்கு வந்துடுமாம். வந்துச்சு.

அடுத்தது தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது. படகு தண்ணி குடிக்கணும், அதுக்கு நாள் ஒதுக்குங்க. கரையில வச்சு உள்ள தண்ணியை நிரப்பிடாதீங்க, அந்த வெயிட் பலகையை வெளிய தள்ளும். நாங்க ரெண்டு நாள் ஈரச் சாக்கை உள்ள விரிச்சு வச்சுட்டு, அப்புறம் ஆழமில்லாத இடத்துல கட்டி இறக்கினோம். இறக்கின ஒரு மணி நேரத்துல உள்ள முழங்கால் அளவு தண்ணி. தம்பி மூஞ்சி செத்துப் போச்சு. உள்பக்கம் ஒரு வங்குல சாக்பீஸால கோடு போட்டு, தண்ணி அந்தக் கோட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சோம். மொத நாள் பத்து நிமிஷம். ரெண்டாம் நாள் நாப்பது. மூணாம் நாள் ராத்திரி பம்ப்பை நிறுத்திட்டுத் தூங்கினோம். அஞ்சாம் நாள் காலையில தண்ணி கோட்டுக்கு நாலு விரல் கீழ நின்னுச்சு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ரேஸுக்கு முன்னாடி நடந்த செக்கிங்ல லைஃப் ஜாக்கெட், நங்கூரம், துடுப்பு, கயித்துல கட்டின வாளி எல்லாம் பாத்தாங்க. அப்புறம் கால் மிதிக்கிற பலகையைத் தூக்கிக் கையை உள்ள விட்டுப் பாத்தார் செக் பண்ண வந்த அண்ணன், கையெழுத்துப் போட்டுட்டார்.

ரேஸ் ஸ்டார்ட் தெரியாதவங்களுக்கு: ஸ்டார்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது முதல் கொடி ஏறும், நாலு நிமிஷம் இருக்கும்போது நடுவுல வெள்ளைச் சதுரம் வச்ச நீலக் கொடி, ஒரு நிமிஷம் இருக்கும்போது அந்த நீலம் இறங்கும், முதல் கொடியும் இறங்கினா ஸ்டார்ட். சத்தத்தை நம்பாதீங்க, கொடி தான் கணக்கு. எங்களுக்கு வலது பக்கக் காத்து, அதனால இடது பக்கக் காத்துல வர்ற படகுங்க எங்களுக்கு வழி விடணும், அந்த ஒரு ரூல் தெரிஞ்சதால தான் கூட்டத்துக்குள்ள பயப்படாம கோட்டைத் தாண்டினோம்.

பதினாலு படகுல ஒன்பதாவதா முடிச்சோம். ஆனா இடம் போடறது போர்ட்ஸ்மவுத் நம்பர் முறையில, மெதுவான படகு வகைக்குப் பெரிய நம்பர், வேகமானதுக்குச் சின்ன நம்பர், ஓடின நேரத்தை ஆயிரத்தால பெருக்கி படகோட நம்பரால வகுக்கணும். எங்க நம்பர் 1200, ஓடினது 60 நிமிஷம், கணக்குல 50 ஆச்சு. நம்பர் 1000 இருக்குற படகு 52 நிமிஷத்துல முடிச்சாலும் எங்களுக்குப் பின்னாடி தான். லிஸ்ட்ல ஆறாவது இடம்.

கரைக்கு வந்ததும் தம்பி ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிப் பாத்தான், தண்ணி கோட்டைத் தொடவே இல்ல. சித்தப்பா குனிஞ்சு அந்தப் புது வங்கு மூணையும் தடவிப் பாத்துட்டே ரொம்ப நேரம் நின்னார். படகை மறுபடி ஷெட்டுக்குக் கொண்டு போகல, தண்ணியிலயே கட்டி வச்சிருக்கோம், மழைத்தண்ணி உள்ள தேங்கினா மரம் மக்கும்ங்கறதால காத்துப் போற மாதிரி மேல ஒரு தார்ப்பாய், வாரம் ஒரு தடவை யாராவது போய்க் கோட்டைப் பாத்துட்டு வர்றோம்.