ஈரத் தரையும் பாலிசித் தாளும்

பிறருடைய இடத்துக்குள் நுழைந்து வேலை செய்வதுதான் சேவைத் தொழிலின் இயல்பு. தொழிற்சாலை நடத்துபவருக்குத் தரையும் விளக்கும் மின்சுற்றும் படிக்கட்டும் அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்கும். கட்டடங்களைத் துப்புரவு செய்து பராமரிக்கும் எங்களுக்கோ ஒவ்வொரு நாளும் தரை வேறு, மின்சுற்று வேறு, அங்கே நடமாடுகிற மனிதர்களும் வேறு. 19 ஆண்டுகள், முதலில் மேற்பார்வையாளராகவும் பின்னர் பாதுகாப்புப் பொறுப்பாளராகவும் இத்தொழிலில் இருந்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது ஒரு விபத்துக்குப் பிறகுதான்.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் நடைபாதையை எங்கள் பணியாளர் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ‘ஈரத் தரை’ என்ற மஞ்சள் பலகையைப் படிக்கட்டுப் பக்கம் வைத்திருந்தார். மறுமுனையில் இருந்த லிஃப்டின் கதவு திறந்ததும் வெளியே வந்த வயதான அம்மையார் ஒருவர் அந்தப் பலகையைப் பார்க்க வழியே இல்லை. இரண்டாம் அடியிலேயே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓடி வந்த நான், அவருடைய வலியையும் எங்கள் பணியாளரின் நடுக்கத்தையும் ஒருசேரப் பார்த்த பதற்றத்தில், “தவறு எங்களுடையதுதான் அம்மா, எல்லாச் செலவையும் எங்கள் நிறுவனமே ஏற்கும்” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வேலையால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எங்களிடம் இருந்தது. ஆனால் அந்தப் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று, காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ இழப்பீடு தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்கிறது. ஏறக்குறைய எல்லாப் பொறுப்புக் காப்பீடுகளிலும் இந்த நிபந்தனை உண்டு. விபத்து நடந்த வாரத்தில்தான் நான் அதை முதன்முறையாகப் படித்தேன். இறுதியில் இழப்பீடு கிடைத்தது என்றாலும், என் ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கே மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அந்த அம்மையாருக்குச் சேர வேண்டிய தொகையும் அதனால் தாமதமானது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த நிபந்தனையைத் தவறாகப் புரிந்துகொண்டு, விழுந்தவரை அணுகவே அஞ்சி ஒதுங்கி நிற்கும் நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். அது அதைவிடப் பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம். அடிபட்டவருக்கு முதலுதவி செய்வது, ஆம்புலன்ஸ் அழைப்பது, குடும்பத்தினருக்குத் தகவல் சொல்வது, உடன் இருப்பது, வருத்தம் தெரிவிப்பது ஆகிய எதையும் பாலிசி தடுப்பதில்லை. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதோ சிகிச்சை அளிக்க முன்வருவதோ தன்னளவில் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. யாருடைய தவறு, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற முடிவை மட்டும் அந்த இடத்தில் பேசக் கூடாது. எங்கள் மேற்பார்வையாளர்களுக்கு இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மனிதரைக் கவனியுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், படம் எடுங்கள், அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விசாரணைக்கு வந்தவர் கேட்ட கேள்விகள் என்னை வேறு விதத்தில் அசைத்தன. எத்தனை மணிக்குத் துடைக்கத் தொடங்கினீர்கள், அந்த நேரத்தை யார் நிர்ணயித்தது, பணியாளருக்கு என்ன பயிற்சி, அதற்குக் கையெழுத்துப் பதிவு உண்டா, எந்தத் திரவத்தை எந்த அளவில் கலந்தீர்கள், பலகைகள் எத்தனை, அவை எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? இவற்றில் இரண்டுக்குத்தான் எங்களிடம் ஆதாரத்துடன் பதில் இருந்தது. விபத்துக்குப் பின் ஒரு அந்நியர் கேட்ட இந்தக் கேள்விகளை விபத்துக்கு முன் நாங்களே எங்களைக் கேட்டிருந்தால், அவர் வர வேண்டிய தேவையே இருந்திருக்காது. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, ஒவ்வொரு புதிய கட்டடத்திலும் வேலை தொடங்குமுன் நிரப்ப வேண்டிய படிவமாக மாற்றினேன்.

அந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்கியதும் மஞ்சள் பலகையின் மீது நாங்கள் வைத்திருந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்தது. பாதுகாப்புத் துறையில் கட்டுப்பாடுகளுக்கு ஒரு படிவரிசை உண்டு: ஆபத்தையே நீக்குவது முதலில், அதைவிடக் குறைந்த ஆபத்துள்ளதைக் கொண்டு மாற்றுவது அடுத்து, பொறியியல் தடுப்புகள் அதன்பின், எச்சரிக்கைகளும் விதிமுறைகளும் அதற்கும் கீழே, கையுறை போன்ற தற்காப்புச் சாதனங்கள் கடைசியில். பலகை கீழிருந்து இரண்டாம் படியில் நிற்கிறது. ஆகவே துடைக்கும் நேரத்தை ஆள் நடமாட்டம் அடங்கிய பின்னரான நேரத்துக்கு மாற்றினோம். அது முடியாத இடங்களில் நடைபாதையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி உலர்ந்த பிறகே மறு பாதியைத் தொட்டோம். நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் தரையில் தங்கும் நீரைக் குறைத்தோம். பலகைகள் இப்போதும் இருக்கின்றன, எல்லா வழிகளிலும். ஆனால் எங்கள் பாதுகாப்பு அவற்றை மட்டும் நம்பி இல்லை.

ரசாயனங்களில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டியிருந்தது. சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த ப்ளீச்சும் கழிப்பறைக்கான அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் உண்டாகும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். ஒரு நாள் ஒரு பெண் பணியாளர், கறை போகவில்லையே என்று ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றி, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தது மூன்று வாரங்கள் கழித்து. “சொன்னால் சம்பளத்தில் பிடிப்பீர்களோ என்று பயந்துவிட்டேன் சார்” என்றார். அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931இல், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னே 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று எழுதினார். அந்த விகிதத்தைப் பின்வந்தவர்கள் பலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மயிரிழையில் தப்பியவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றைச் சொல்பவரைத் தண்டிப்பதில்லை என்று எழுத்தில் உறுதியளித்த பிறகும், அதற்கான பதிவேடு நான்கு மாதங்கள் காலியாகவே இருந்தது. ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் சொந்தத் தவறு ஒன்றை முதல் பதிவாக எழுதிய பிறகுதான் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள்.

பாலிசியை வரிவரியாகப் படித்தபோது வேறு சில இடைவெளிகளும் தெரிந்தன. பொதுப் பொறுப்புக் காப்பீடு மூன்றாம் நபருக்கானது. எங்கள் பணியாளரே ஏணியிலிருந்து விழுந்தால் அது உதவாது, அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் அடிப்பகுதியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கும் விதியை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், அந்த ஏணியில் ஏறுபவருக்கான பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்ததில்லை. அடுத்து, நாங்கள் எந்தப் பொருளின் மீது வேலை செய்கிறோமோ அந்தப் பொருளுக்கே நேரும் சேதத்தைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. மெருகேற்றப் போன பளிங்குத் தரையை அமிலத்தால் கெடுத்துவிட்டால் அதற்கென்று கூடுதல் பிரிவு சேர்த்திருக்க வேண்டும். மேலும் சில பாலிசிகள், சம்பவம் நடந்த நாளைப் பார்க்காமல் கோரிக்கை வந்த நாளையே கணக்கில் எடுக்கின்றன. அத்தகைய பாலிசியை இடையில் விட்டுவிட்டால், பழைய வேலை ஒன்றுக்காகப் பின்னாளில் வரும் வழக்குக்குப் பாதுகாப்பே இல்லாமல் போகும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது எங்கள் சொந்த மௌனம். பாலிசி எடுத்த காலத்தில் தரைமட்ட வேலைகள் மட்டுமே செய்துகொண்டிருந்தோம்; பின்னர் வெளிப்புறக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் பணியையும் ஏற்றோம், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. ஏறக்குறைய 14 மாதங்கள் எங்கள் ஆட்கள் அந்த உயரத்தில் தொங்கினார்கள். அவர்கள் கையிலிருந்து ஒரு கருவி நழுவிக் கீழே நடப்பவர் மேல் விழுந்திருந்தால், தெரிவிக்கப்படாத வேலை என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருக்கலாம். தெரிவித்தபோது பிரீமியம் கூடியது. கயிறுகளின் சோதனைச் சான்றையும் ஆட்களின் பயிற்சிச் சான்றையும் கேட்டார்கள். அந்தச் சோதனையில் இரண்டு கயிறுகள் தேறாமல் அன்றே கழிக்கப்பட்டன.

அதிலிருந்து ஒவ்வொரு புதுப்பிப்பு மாதத்திலும் மேற்பார்வையாளர்களுடன் உட்கார்ந்து பாலிசியின் விலக்குகளை வாய்விட்டுப் படிக்கிறேன். இந்த ஆண்டு நாம் தொடங்கிய எந்த வேலை இதற்குள் விழுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சென்ற முறை ஓர் இளைஞர், தண்ணீர்த் தொட்டி கழுவ நாங்கள் அமர்த்தும் துணை ஒப்பந்ததாரரின் பாலிசி முடிந்து ஒன்பது நாட்களாகிவிட்டன என்பதைக் கண்டுபிடித்தார். மறுநாள் காலை தொடங்க வேண்டிய வேலையை நிறுத்தி, வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொல்லி, புதிய சான்று கைக்கு வந்த பின்பே ஆட்களைத் தொட்டிக்குள் இறங்க விட்டோம்.