அம்மாவின் நெஞ்சுப் படமும் சளிப் போத்தலும்

அம்மாவுக்கு இரண்டு கிழமை தாண்டியும் இருமல் நிற்கவில்லை. பின்னேரமானால் காய்ச்சல், இரவில் வியர்வை, சாப்பாட்டில் மனமில்லை. பாமசியில் வாங்கிய பாணியும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு டொக்டர், காசநோயாக இருக்குமோ என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல, கல்லடியிலிருந்து ஓட்டோ பிடித்து மட்டக்களப்பு டவுனுக்குப் போனோம்.

எக்ஸ்ரே அறைக்குள் போகும்போதே இழுபறி. கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாதாம், தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமாம். அப்பா வெளியே வாங்கில் இருக்க, அம்மா கழற்றவே மாட்டேன் என்று நின்றார். படம் எடுக்கிற பிள்ளை கோபிக்கவில்லை. "மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாங்க அம்மா, நூல் என்றால் பரவாயில்லை" என்றார். அப்பாவே கடையில் வாங்கி வந்து கட்டிவிட்டார். அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் கயிற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது தலைமுடி. பின்னலைத் தூக்கி உச்சியில் முடியச் சொன்னார். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில்தான் பிடிக்கும், தோளில் விழுகிற பின்னலும் அங்கேதான் நிழல் போடும். தட்டில் நெஞ்சை ஒட்டி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னுக்குத் தள்ளி நிற்கச் சொல்வதும் இதற்காகத்தான். அப்படி நின்றால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. அப்புறம் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு அதற்குள் இருமல் வந்துவிட்டது, திரும்ப எடுத்தார்கள். கதிர் உடம்புக்குக் கூடாது என்று வரிசையில் ஒருவர் பயமுறுத்தினார். ஒரு நெஞ்சுப் படத்தில் படுவது, சும்மா இருந்தாலே பத்து நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் படுகிற அளவுதான்.

வலது மேல்பக்கம் நிழல், காசநோயா என்று பார்க்கவும் என ரிப்போர்ட் வந்தது. அன்றிரவே ஒரு சொந்தக்காரர் அம்மாவின் கோப்பை, தட்டைத் தனியாக வைக்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. இருமும்போது காற்றில் பரவுகிற நோய் இது, தட்டைப் பிரித்து என்ன பயன்?

மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன்" என்றார். நியூமோனியாவும் புற்றுநோயும் இப்படி நிழல் காட்டும். எப்போதோ வந்து ஆறிய தழும்பும் காட்டும். பழைய படம் இருந்தால் ஒப்பிடலாம் என்று கேட்டார். அம்மாவுக்கு முன்பு ஒரு படம் எடுத்தது உண்மை. 2004 சுனாமியில் அலுமாரியோடு போய்விட்டது.

ஆக, சளியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். போத்தலில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழும்பினதும், தேத்தண்ணி குடிக்க முன், வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். அம்மா வெட்கப்பட்டு முற்றத்து மாமரத்துக்குப் பின்னால் போய் எடுத்தார். நுண்ணோக்கியில் கிருமி தெரியவில்லை. அப்பா சந்தோஷப்பட்டார், டொக்டர் படவில்லை. கிருமி குறைவாக இருந்தால் நுண்ணோக்கிக்குத் தப்பிவிடுமாம். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்தில் பார்த்தபோது காசநோய் உறுதியானது. காசநோய்க்குக் கொடுக்கிற முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே சோதனை சொல்லிவிடுகிறது. நல்லவேளை, கட்டுப்படும் வகைதான்.

ஆறு மாத மருந்து, அரசாங்கத்தில் இலவசம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க என்று முதலே சொல்லிவிட்டார்கள். சொல்லியும் அம்மா பயந்தார். மருந்து முடிந்தாலும் படத்தில் தழும்பு நிற்கலாம் என்பதால் இந்தப் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். தங்கச்சியின் கைக்குழந்தைக்கு நோய் இல்லை, ஆனாலும் நோய் வராமல் தடுக்க மருந்து கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று முற்றிவிடுமாம். தம்பி மட்டும் வேலை, வேலை என்று தட்டிக்கழித்தான். கிளினிக்கிலிருந்தே போன் எடுத்தார்கள், அடுத்த கிழமை போய்ப் படம் எடுத்தான்.