சும்மா இருக்கும் சர்வர்தான் தொல்லை

மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என்றபோது எங்கள் குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் கண்டுகொள்ளவில்லை. 1999 டிசம்பரில் ஐபிஎம் தன் எஸ்/390 மெயின்ஃபிரேமுக்கான லினக்ஸ் பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) வெளியிட்டது, அடுத்த வருஷமே லினக்ஸ் விநியோகிக்கும் சூசே நிறுவனம் அதற்கென ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது, அப்புறம் லினக்ஸுக்கு மட்டும் என்று ஐஎஃப்எல் பிராசஸரும் வந்தது. அதைச் சேர்த்தால் மற்ற மென்பொருள்களின் லைசன்ஸ் கட்டணம் ஏறாது. மேலிடத்துக்குப் பிடித்தது அதுதான்.

இன்ஸ்டால் செய்வதே ஒரு கூத்து. லினக்ஸின் மையமான கெர்னல், பாராமீட்டர் ஃபைல், துவக்கத்துக்கான ராம்டிஸ்க் மூன்றையும் 80 பைட் அட்டைகளாக, ஒரே இயந்திரத்தைப் பல கற்பனை இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கும் இசட்/விஎம் மென்பொருளின் கற்பனைக் கார்டு ரீடருக்குப் 'பஞ்ச்' செய்து, 00சி என்ற முகவரியிலிருந்து ஐபிஎல், அதாவது துவக்கக் கட்டளை, கொடுக்க வேண்டும். நெட்வொர்க் செட்டிங் தப்பாகிவிட்டால் மிச்சம் 3270 கன்சோல் மட்டும்தான். அது வரி வரியாகத்தான் பேசும், அதில் விஐ எடிட்டர் ஓடாது. ஒரு ஐபி முகவரியை மாற்ற எடிட்டர் இல்லாமலே வரியைத் திருத்தும் செட் (sed) கட்டளையை யோசித்து யோசித்து எழுதுவோம். கன்ட்ரோல்-சி கூடக் கிடையாது, கேரட் குறியும் சி எழுத்தும் தட்டி எண்டர் போட வேண்டும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது, வேலையே இல்லாத சர்வர்கள் இயந்திரத்தைத் தின்றதுதான். அந்தக் காலத்துக் கெர்னல் விநாடிக்கு 100 முறை விழித்து மணி பார்க்கும். தனி இயந்திரத்தில் அது யாருக்கும் தெரியாது, ஆனால் நூறு சர்வர் ஒன்றாக இருந்தால் விநாடிக்குப் பத்தாயிரம் விழிப்பு, அதுவும் யாருக்கும் பயன்படாமல். 300 மில்லிவிநாடி அசையாமல் இருந்தால்தான் விஎம் ஒரு கெஸ்ட்டை (தன்மேல் ஓடும் கற்பனை இயந்திரத்தை) ஓய்வில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கண்ணைத் திறக்கிறது, எப்படி ஓய்வாகும்? அதனால் அதன் நினைவகப் பக்கங்களைத் தாராளமாக எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கவும் விஎம் தயங்கும். பிறகு வந்த டைமர் பேட்சில் எச்இசட்_டைமர் என்ற மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிய பின்தான் சும்மா இருந்தவை நிஜமாகவே சும்மா இருந்தன.

நினைவகம் இன்னொரு சண்டை. கொடுத்த மெமரியை எல்லாம் லினக்ஸ் கேஷாக (வட்டிலிருந்து படித்ததன் நகலாக) நிரப்பிக்கொள்ளும், விருந்துக்கு வந்தவர் வீட்டையே எழுதிக் கேட்ட மாதிரி. ஆகவே நினைவகம் போதாமல் பக்கங்களை வெளியே தள்ளும் ஸ்வாப் லேசாகத் தொடங்கும்வரை ஒவ்வொரு கெஸ்ட்டின் அளவையும் குறைத்து, அந்த ஸ்வாப்பை விஎம் நினைவகத்தில் உருவாக்கும் கற்பனை வட்டான விடிஸ்கில் வைத்தோம், தொட்டால்தான் அது இடம் பிடிக்கும். அப்ளிகேஷன் குழுவினருக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்வாப் என்ற சொல்லைக் கேட்டாலே டிக்கெட் போட்டார்கள், "சார், மெமரி பத்தவில்லை" என்று.

சிபியு கணக்கும் அப்படித்தான். சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் 90 சதவீதம் என்று அவர்கள் காட்டுவார்கள், விஎம் பக்கம் பார்த்தால் அந்த கெஸ்ட்டுக்கு அதில் கால்வாசிகூடப் போயிருக்காது. விஎம் அடுத்தவருக்குக் கொடுத்த நேரத்தையும் லினக்ஸ் தன் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் காரணம். 2.6.11 கெர்னலில் இப்படி அடுத்தவருக்குப் போன நேரம் 'ஸ்டீல்' என்று தனியாகப் பிரிந்த பிறகு அந்த வகை டிக்கெட் குறைந்தது. மெமரி டிக்கெட் மட்டும் நிற்கவே இல்லை.