நாலு சென்டிமீட்டர் காற்று

மே 5

மதியம் சிபாப் மெஷின் வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஸ்லீப் ஆப்னியா வியாதிக்கு, தொண்டை மூடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் மெஷின். கொண்டுவந்த பையன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, டியூபை மாட்டி, மாஸ்க்கை என் முகத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்தான். "ஆட்டோ மோடுல போட்டிருக்கேன் மேடம். நாலுல இருந்து இருபது வரைக்கும் அதுவே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். எல்லாம் சேர்த்து 20 நிமிஷம்.

எதற்கு இந்த மெஷின் என்று முதலில் எழுதிவைக்கிறேன். ஏப்ரலில் பிளஸ் டூ பேப்பர் திருத்தப் போன இடத்தில், கையில் பேனாவோடு தூங்கி விழுந்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஸ்கூட்டியில் வரும்போதே கண் செருகியது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஸ்லீப் ஸ்டடியில் ஏஎச்ஐ 38. அதாவது தூக்கத்தில் மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30-ஐத் தாண்டினால் கடுமை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷக் குறட்டையை வியாதி என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பொம்பளைக்குக் குறட்டை என்றால் வெளியே சொல்லவே கூச்சம் அல்லவா? சொல்லியிருக்க வேண்டும்.

மே 6

முதல் ராத்திரி சரியில்லை. படுத்து இரண்டு நிமிஷத்தில் நெஞ்சு தவித்தது. இழுக்க இழுக்கக் காற்று பற்றவில்லை, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு மூச்சுவிடுகிற மாதிரி. ஸ்க்ரீனில் காற்றின் பிரஷர் 4.0 என்று காட்டியது. தூக்கம் வருவதற்கு அவகாசம் தர வேண்டும் என்று 45 நிமிஷம் அதே 4-லேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ராம்ப் என்று பெயர். எனக்கு அந்த 45 நிமிஷமும் தவிப்பு. ஒரு மணிக்குக் கழற்றி வைத்துவிட்டேன்.

மே 8

இன்று நேர் எதிர். விடியற்காலை 3:10-க்கு முகத்தில் புயல் அடித்து விழித்தேன். மாஸ்க்கின் மேல் விளிம்பு வழியாகக் காற்று கண்ணுக்குள் பீய்ச்சுகிறது. ஸ்க்ரீனில் 16.8. காலையில் வயிறு பானை மாதிரி உப்பிப்போய், பத்து மணி வரை ஏப்பம் நிற்கவே இல்லை. காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போயிருக்கிறது. காலையில் காட்டிய கணக்கு: ஏஎச்ஐ 11. மாஸ்க் லீக் இருக்கிறது என்று சிவப்புக் குறி.

ராத்திரி தொடக்கத்தில் காற்று பற்றவில்லை, நடுராத்திரியில் தாங்க முடியவில்லை. ஒரே மெஷின் எப்படி இரண்டும் செய்யும்? மெஷினே கோளாறோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மே 9

விற்ற கடைக்குப் போன் பண்ணினேன். "பட்டையை நல்லா டைட் பண்ணுங்க மேடம், சரியாயிரும்" என்றார்கள். டைட் பண்ணினேன். மூக்குத்தண்டில் சிவப்பாகத் தடம் விழுந்தது, லீக் கூடியது. அப்புறம்தான் மாஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தேன். அதன் விளிம்பு சிலிகானில் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. காற்று உள்ளே வந்ததும் அந்தத் தோல் உப்பி முகத்தில் படிய வேண்டும். பட்டையை இறுக்கினால் அது உப்ப இடமில்லாமல் மடங்கி, மடிந்த இடத்தில் வழிவிட்டுவிடும். இதை ஏன் போனில் யாரும் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. எவ்வளவு பெரிய தொகை கட்டி வாங்கியிருக்கிறோம்.

மே 11

இன்றைக்கு ஒரு நல்ல வேலை செய்தேன்.

ஸ்க்ரீனில் 4 என்று காட்டுகிறதே, 4 தான் என் முகத்துக்கு வருகிறதா? இந்த மெஷினின் அளவு "சென்டிமீட்டர் நீர்". 1 என்றால் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் யூ வடிவக் குழாயில் இதைத்தானே நடத்துகிறேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் அண்ணாச்சியிடம் போய் மட்டம் பார்க்கிற டியூபைக் கேட்டேன். "என்ன டீச்சர், உள்ளுக்குள்ள தளம் போடுதியளா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கழுவித் துடைத்து அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

பீரோக் கதவில் 30 செ.மீ. ஸ்கேலை செலோடேப்பால் ஒட்டி, டியூபை யூ மாதிரி வளைத்துக் கட்டி, நீல மை கலந்த தண்ணீர் ஊற்றினோம். மாஸ்க்கின் பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னத் துவாரம் உண்டு, ஆக்ஸிஜன் கொடுப்பதற்கோ அழுத்தம் பார்ப்பதற்கோ. டியூபின் ஒரு முனையை அதில் செருகி, துணி சுற்றி இறுக்கினேன். தண்ணீர் முகத்துப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று யூவின் அடிப்பாகத்தை நன்றாகத் தாழ வைத்தோம்.

ஸ்விட்ச் போட்டதும் என் வீட்டுக்காரர் ஸ்கேலைப் பார்த்து, "ரெண்டுதான் ஏறியிருக்கு, பாதிதான் வருது!" என்றார். வகுப்பில் பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. ஒரு பக்கம் 2 இறங்கி மறுபக்கம் 2 ஏறினால் வித்தியாசம் 4. மெஷின் சொன்னது உண்மை. மூச்சை இழுத்தால் நீலக் கோடு கொஞ்சம் தாழ்ந்தது, விட்டால் கொஞ்சம் ஏறியது. என் மூச்சை நான் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து, மாஸ்க் பொருத்திப் பார்க்கும் மோடில் பிரஷர் கூடும். அதில் வைத்துப் பார்த்தோம். உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் 10, மூச்சுக்குக் கொஞ்சம் அசைந்ததைத் தவிர கோடு நிலையாக நின்றது. டியூப் நீளமானது என்பதால் அப்படியே கட்டிலில் மல்லாந்து படுத்தேன். மூக்குத்தண்டுப் பக்கம் "ஸ்ஸ்" என்று சத்தம். தண்ணீர் குதித்து, 8-க்கு இறங்கி, மெஷின் உறுமி, திரும்ப 10. ஒருக்களித்தால் இன்னும் மோசம். படுத்தால் கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரிகிறது, உட்கார்ந்து அளவெடுத்த மாஸ்க் அப்போது பொருந்துவதில்லை. அந்தப் பையன் என்னை நாற்காலியில் வைத்துத்தானே மாட்டிப் பார்த்தான்!

ஆக மெஷின் சரி. தப்பு மாஸ்க்கிலும் செட்டிங்கிலும்.

இன்னொன்றும் மனசில் ஓடியது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் இதே அளவில் 1033 செ.மீ. தொண்டை மூடாமல் இருக்க வேண்டியது அதில் நூற்றில் ஒரு பங்குதான். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவைத்துத்தான் இதைத் தொடங்கினார். அடுத்த வருஷம் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதுவரைக்கும் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி.

மே 12

டாக்டரிடம் மெஷினின் மெமரி கார்டைக் கொண்டுபோனேன். ஏழு ராத்திரியின் கோடுகளையும் கம்ப்யூட்டரில் விரித்துக் காட்டினார். பாதி ராத்திரிக்கு மேல் பெரிய லீக். 95 சதவீதப் பிரஷர் 12.4, அதாவது ராத்திரியில் 95 சதவீத நேரம் பிரஷர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்திருக்கிறது. 16, 17 என்று குத்திக்கொண்டு நிற்பதெல்லாம் மீதிக் கொஞ்ச நேரம்தான்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. 4-ல் தொடங்கினால் தொண்டை மூடுகிறது. மூடியபின் மெஷின் துரத்திக்கொண்டு ஏறுகிறது. அதற்குள் லீக் வந்தால் அதற்கு உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது. துரத்தி ஏறுகிற காற்று மாஸ்க்கைத் தூக்குகிறது, நான் விழிக்கிறேன், பிரஷர் இறங்குகிறது, திரும்பத் தொண்டை மூடுகிறது. தொடக்கத்திலேயே திறந்து வைத்திருக்கும் அளவு காற்று கொடுத்தால், இவ்வளவு உயரத்துக்கு ஏற வேண்டிய அவசியமே வராது. குறைந்தபட்சத்தைக் கூட்டினால் அதிகபட்சம் தானாகக் குறையும். நான் இதற்கு நேர் எதிராக நினைத்திருந்தேன்.

மாற்றியது இவ்வளவு: குறைந்தது 7, அதிகம் 14. ராம்ப் 6-ல் தொடங்கி 10 நிமிஷம். மூச்சை வெளியே விடும்போது மட்டும் 2 செ.மீ. குறைத்துக்கொடுக்கும் வசதி. மாஸ்க் மீடியத்துக்குப் பதில் ஸ்மால், கட்டிலில் படுக்கவைத்து, காற்று ஓடும்போதே மாட்டிப் பார்த்து எடுத்தது.

நானே மெனுவுக்குள் போய் மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிரஷர் தேவைக்கு மேல் போனால் சிலருக்குத் தொண்டை திறந்திருக்கும்போதே மூளை மூச்சு விடச் சொல்வதை நிறுத்திவிடும். அது வேறு வகை நிறுத்தம், அதைக் கோடுகளில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். என் கார்டில் 17-ஐத் தொட்ட ராத்திரியில் அப்படி நாலைந்து இருந்தன. இதை எழுதுவதற்குக் காரணம், படிக்கிற யாரும் எனக்கு வைத்த 7-ஐயும் 14-ஐயும் தங்களுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

மே 14

படுத்ததும் தவிப்பு இல்லை. ஆறு மணி நேரம் கழற்றவில்லை. ஏஎச்ஐ 4.8.

ராத்திரி முகத்தில் கிரீம் போடுவதையும் நிறுத்திவிட்டேன். எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிகான் வழுக்குகிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் காலையில்தான். மாஸ்க்கின் ரப்பரைத் தினமும் எழுந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறேன்.

மே 17

அக்னி நட்சத்திரம், ஏசி இல்லாமல் முடியாது. நேற்று ராத்திரி டியூபுக்குள் "களக் களக்" என்று சத்தம், காற்று விட்டுவிட்டு வந்தது, மூக்கில் சொட்டுத் தண்ணீர் தெறித்தது. மறுபடி பிரஷர் கோளாறு என்றே நினைத்தேன். டியூபைத் தூக்கி விளக்குப் பக்கம் பிடித்தால், வளைவில் ஒரு மடக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஈரப்பதத்துக்கு மெஷின் தண்ணீரைச் சூடாக்கி அனுப்புகிறது; டியூபின் வெளியே ஏசிக் குளிர்; உள்ளே ஆவி படிகிறது.

ஈரப்பதம் 5-லிருந்து 3. ஏசி 26. ஸ்டூலை எடுத்துவிட்டு, கட்டில் மட்டத்துக்குக் கீழே ஒரு மனையில் மெஷினை வைத்தோம், தண்ணீர் வடிந்தாலும் மெஷின் பக்கம் போகட்டும். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து டியூபுக்கு உறை தைத்துப் போட்டேன். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறேன், அதுவும் மருந்துக்கடையில் வாங்கியது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் எந்த ஆற்றுத் தண்ணீரிலும் உப்பு உண்டு, சூடாக்கினால் தொட்டியின் அடியில் படியும்.

மே 19

ராத்திரி 2 மணிக்கு கரண்ட் போனது. மெஷின் நின்றால் மூச்சு முட்டுமோ என்று பயந்திருந்தேன். மாஸ்க்கில் ஒரு வால்வு இருக்கிறது, காற்று நின்றதும் திறந்துகொண்டு வெளிக்காற்றை விடுகிறது. முட்டவில்லை, விழிப்பு வந்தது. எலக்ட்ரீஷியன் இன்று படுக்கையறை பிளக்கை இன்வெர்ட்டரில் சேர்த்துக் கொடுத்தார். கரண்டை அதிகம் தின்பது ஊதும் மோட்டார் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் தட்டுதான். கட் நீண்டால் ஈரப்பதத்தை அணைத்துவிட வேண்டியது.

மே 23

நாலு ராத்திரியாக ஏஎச்ஐ 2.1, 3.0, 2.6, 2.4. வயிற்று உப்பல் இல்லை. 95 சதவீதப் பிரஷர் 9.8. டாக்டர் சொன்னபடியே இறங்கிவிட்டது.

வீட்டுக்காரர் சொன்னார்: "நேத்து ரெண்டு தடவ எந்திரிச்சு வந்து பாத்தேன். சத்தமே இல்ல, பயந்துட்டேன்." குனிந்து பார்த்து, மாஸ்க்கில் காற்று வெளியேறும் துவாரத்துக்கு நேரே கையை வைத்து, காற்று வருகிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு ஆழ்ந்து தூங்கியிருக்கிறேன்.

விடியற்காலை 4 மணி வாக்கில் மட்டும் தினமும் 11, 12 வரை ஏறுகிறது. அந்த நேரத்தில்தான் கனவுத் தூக்கம் அதிகம், தசையெல்லாம் தளரும், மல்லாந்திருந்தால் நாக்கும் பின்னால் சரியும். முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கிறேன்.

மே 27

மட்டக் குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மையெல்லாம் போகக் கழுவியாகிவிட்டது. சாப்பாட்டு நேரம். அண்ணாச்சி வேப்பமரத்தடியில் சிமெண்டுச் சாக்கை விரித்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய குறட்டை. எழுப்ப மனமில்லாமல் நின்றேன். குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் மூக்கில் சத்தம் இல்லை. வாட்சைப் பார்த்தேன். 10 செகண்ட் தாண்டினாலே கணக்கில் சேர்ப்பார்கள். 22-வது செகண்டில் ஒரு செருமலோடு மூச்சு திரும்பியது. நான் நின்ற ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை.

இந்த மனிதர் தினமும் சாரத்தில் ஏறுகிறவர்.

எழுந்ததும் சொன்னேன். "தூங்குததுக்குமா டீச்சர் டாக்டரு?" என்றார். வாட்சில் பார்த்ததைச் சொன்னேன். மத்தியானம் ஆனால் கண்ணைக் கட்டுகிறது, போன மாசம் சாரத்தில் ஒரு தடவை கால் தவறிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். வியாழக்கிழமை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை சாரத்தில் ஏறாமல் கீழ் வேலை பார்க்கும்படி மேஸ்திரியிடமும் பேசிவிட்டு வந்தேன்.