ஆச்சி படம்: கடை நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பாளையங்கோட்டைக் கடையைத் திறந்ததுமே ஒரு தம்பி வந்துவிட்டார். ஆச்சிக்கு 90 வயது நிறைகிறதாம். விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, ஆச்சி படம் போட்டு 40 மக் வேண்டும்.

“படத்தை வாட்ஸ்அப்ல போட்டுட்டேன் அண்ணாச்சி.”

குற்றாலத்தில் குடும்பத்தோடு எடுத்த படம். பத்துப் பேர் கை மாறி வந்திருக்கிறது. ஆச்சி முகத்தை மட்டும் வெட்டினால் அகலம் 200 பிக்சல். மக்கில் முகம் 7 செ.மீ. வேண்டும் என்கிறார். அச்சு தெளிவாக வர அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 800 பிக்சலுக்கு மேல் தேவை. இருப்பதை இழுத்தால் அங்குலத்துக்கு 72-தான் நிற்கும். போனில் பளிச்சென்று இருக்கிறதே என்றார். போனில் அந்த முகம் விரல் நகம் அளவு, அதனால் அப்படித் தெரிகிறது. 72-ஐ 300 என்று மாற்றி வைத்தாலும் இல்லாத பிக்சலைக் கணினி அக்கம்பக்கம் பார்த்து நிரப்பும், அவ்வளவுதான். ஆச்சி முகச் சுருக்கமெல்லாம் மெழுகு தடவின மாதிரி ஆகிவிடும். 90 வருஷத்து முகத்தை அப்படிக் கொடுக்க எனக்கு மனசு வராது.

சுவரில் மாட்டிய படம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

கொண்டுவந்தார். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும் என்பதால், துடைத்துக் கண்ணாடியோடேயே ஸ்கேனரில் வைத்தேன். அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 300 குறையாது. முகம் மூன்றரை செ.மீ. இருக்கிறது. சரியாக 7 வரும்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். காதில் பாம்படம்! அதன் ஒவ்வொரு முனையும் தனித்தனியாகத் தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தில் அந்த இடத்தில் ஒரு மங்கல் திட்டுதான் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

பின்னணியை வெட்டி எடுத்தது என் தவறு. மக் அச்சில் வெள்ளை மை கிடையாது. மக்கின் வெள்ளைதான் படத்துக்கும் வெள்ளை. ஆச்சியின் நரைமுடி மக்கோடு கரைந்து, நெற்றிக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் போனது. லேசான சந்தன நிறத்தைப் பின்னால் கொடுத்ததும் தலை திரும்பி வந்தது.

‘எங்கள் ஆச்சி’ என்ற எழுத்தை அவர்களே டிசைன் செய்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஃபாண்ட் என்னிடம் இல்லாததால் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. கர்வ் ஆக்கி, அதாவது ஃபாண்ட் தேவைப்படாதபடி எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்பச் சொல்லி வாங்கினேன். அப்புறம் புள்ளிகளைப் பார்த்தால் தூசி போல இருக்கின்றன. புள்ளி போனால் ‘எஙகள ஆசசி’. மூன்றையும் கையால் பெரிதாக்கி, எழுத்தை ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி வைத்தேன். தமிழ் எழுத்துக்கு இதை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஜூன் 7, சனி

திருநெல்வேலி டவுனிலிருந்து நாலு பையன்கள். ஆனித் தேரோட்டத்துக்குக் கறுப்பு டி-ஷர்ட், முன்னால் நெல்லையப்பர் தேர். படம் வீடியோவில் பிடித்த ஸ்கிரீன்ஷாட், அதுவும் கறுப்புப் பின்னணியோடு. அப்படியே ஒட்டினால் நெஞ்சில் ரெக்ஸின் துண்டு ஒட்டின மாதிரி விறைக்கும், தேர் இழுக்கிற வெயிலில் வேர்த்துக் கொட்டும். பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாக, 28 செ.மீ. அகலத்துக்கு 3,300 பிக்சல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ரத வீதியிலேயே குடியிருக்கிறார்கள், தேரை நேரில் நல்ல கேமராவில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

முதல் மக். தாளில் இடம் வலமாகத் திருப்பி அச்சடித்து, மக்கில் சுற்றி, பிரஸ்ஸில் 180 டிகிரி சூட்டில் மூன்று நிமிடம். தாளில் வெளிறித் தெரிந்த சந்தன நிறம் சூட்டில் ஏறிவிட்டது. கைப்பிடி ஓரத்தில் பிரஸ் சரியாகப் படியாது என்று முகத்தை நடுவில் வைத்தது நல்லதாயிற்று.

ஆச்சியிடம் காட்டிவிட்டுத்தான் மீதி என்று தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் போன் வந்தது. “மக்கை வாங்கி, பாம்படத்தைத்தான் தடவிப் பாத்துட்டே இருக்காங்க அண்ணாச்சி.”

இன்னும் 39. என்னிடம் கோட்டிங் மக் (அச்சு பிடிக்கிற பூச்சு உள்ளது) 36-தான் இருக்கிறது. காலையில் ஜங்ஷன் போய் வாங்கி வர வேண்டும்.